செமஸ்டர் முடிந்தபின் யார் இருப்பார்கள்?

"உங்கள் செமஸ்டர் எப்போது முடிகிறது?" என்று ஒரு மெயின்டெய்னர், அதாவது யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பவர், என் மாணவியிடம் கேட்டார். மாணவி அனுப்பிய புல் ரிக்வெஸ்டின் (நிரலில் இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) கீழே, நிரலைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவில், போகிறபோக்கில் கேட்டது. மாணவி தேதியைச் சொன்னார். "அதற்குள் இது முடியாது, பரவாயில்லை, போகிறவரை போகலாம்" என்று பதில் வந்தது. கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. வாடகைக்கு வருகிறவரிடம் வீட்டுக்காரர் "எத்தனை மாசம் இருப்பீங்க?" என்று கேட்கிற தொனி. முன்பும் பலர் வந்திருக்கிறார்கள், பாதியில் காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது. அனுப்பியது ஒரு மாணவி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முழுநேர ஆசிரியன் இல்லை. வாரநாட்களில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் கொங்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஓப்பன் சோர்ஸ் விருப்பப் பாடம் எடுக்கிறேன். மார்க் போடும் விதி நான் போவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. இரண்டு புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆனால், அதாவது மெயின்டெய்னர் ஏற்று மென்பொருளில் சேர்த்துக்கொண்டால், இன்டர்னலில் முழு மார்க். ஆகவில்லையென்றால் 'முயற்சிக்கு' ஏதோ கொஞ்சம். துறைக்கு இது மிகவும் வசதியான விதி. மெர்ஜ் ஆனதா இல்லையா என்று, இந்த வேலையெல்லாம் நடக்கும் கிட்ஹப் தளமே ஊதா நிறத்தில் காட்டிவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

முதல் வாரத்திலேயே இரண்டு பையன்கள் ஆளுக்கொரு ரெப்போ (நிரலை வைக்கும் கிடங்கு) தொடங்கி, ஒருவர் அனுப்பியதை மற்றவர் மெர்ஜ் செய்து முடித்துவிட்டார்கள். விதியில் எங்கும் அது தடை செய்யப்படவில்லை என்று அமைதியாக வாதாடினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விதியில் ஓட்டை கண்டுபிடிக்கிற கூர்மை நல்ல டெஸ்டருக்கு வேண்டிய குணம். இன்னொருவர் எங்கோ ஓர் அமெரிக்க ரெப்போவின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுத்துப்பிழைகளைத் திருத்தி இரண்டு மெர்ஜ் வாங்கினார். எழுத்துப்பிழை திருத்துவது தப்பில்லை, நானும் அப்படித்தான் ஓர் இடத்தில் உள்ளே நுழைந்தேன். ஆனால் அவருக்கு அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்றே தெரியாது.

சட்டைக்காக ஒரு மாதம்

இது எங்கள் கல்லூரிக் கதை மட்டுமில்லை. ஹேக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் இருக்கும். டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் 2014இல் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். 2020இல் நான்கு அனுப்பினால் போதும், முதல் 70,000 பேருக்குச் சட்டை என்று அறிவித்தார்கள். அக்டோபர் பிறந்ததும் உலகம் முழுக்க மெயின்டெய்னர்களின் இன்பாக்ஸ் நிரம்பியது. ரீட்மீயில் தலைப்புக்கு முன்னால் 'அற்புதமான' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு காலி வரி சேர்ப்பது, இந்த ரகம். எப்படிச் சுலபமாகச் சட்டை வாங்கலாம் என்று நம் நாட்டு யூடியூப் சேனல் ஒன்றில் வந்த பாடத்தை அப்படியே பின்பற்றியவர்கள் அதில் நிறைய. சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள். சம்மதம் தெரிவித்த ரெப்போக்களுக்கு அனுப்பியது மட்டுமே கணக்கு. 2023இல் சட்டையையே நிறுத்திவிட்டு டிஜிட்டல் பதக்கம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

2024 தொடக்கத்தில் இணையத்தளங்களை இயக்கும் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற நிரலின் ரெப்போவுக்கு நடந்தது இன்னும் வேதனை. புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது எப்படி என்று விளக்கிய ஒரு பாட வீடியோவில் அந்த ரெப்போவை உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். பார்த்த மாணவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போய், ரீட்மீ கோப்பில் தங்கள் பெயரை எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். இணையத்தில் பாதி அந்த நிரலின் மேல்தான் ஓடுகிறது என்று கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லலாம். அதைப் பராமரிக்கும் சில பேர் வேலையை விட்டுவிட்டு, யார் யாரோ எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். அப்போது இணையத்தில் இந்திய மாணவர்களுக்குக் கிடைத்த வசவைப் படித்தால் வயிறு எரியும். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். பாடத்தில் காட்டியதைக் காட்டியபடியே செய்து பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. எண்ணிக்கைக்குப் பரிசு என்று முடிவு செய்தவர்களும், பயிற்சி மைதானத்துக்கும் புழக்கத்தில் உள்ள மென்பொருளுக்கும் வேறுபாடு சொல்லித்தராதவர்களும்தான் பதில் சொல்ல வேண்டும்.

மெர்ஜ் ஆனால் முழு மார்க் என்ற விதியும் இதே வகைதான், கொஞ்சம் மரியாதையான உடையில். மாணவரின் இன்டர்னலைத் தீர்மானிக்கும் பொறுப்பை முகம் தெரியாத ஒருவர் தலையில் கட்டுகிறோம். அவர் சம்மதிக்கவில்லை. அவருக்குச் சம்பளமும் இல்லை. தான் ஒரு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

கார்த்திக் வெட்டுப்பட்ட கதை

அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். வகுப்பில் வாயே திறக்கமாட்டார். லேப் பயிற்சிக்காக டெர்மினல் திரையில் அட்டவணை அச்சிடும் ஒரு சிறிய பைத்தான் நூலகத்தை (மற்ற நிரல்களுக்குள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஏ, பி, சி என்று எதையோ கொடுத்துப் பார்த்தார்கள். இவர் மட்டும் வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் கொடுத்தார். நெடுவரிசைக்கு எட்டு இடம் ஒதுக்கியிருந்தார். கார்த்திக் என்ற பெயர் 'கார்த்த…' என்று வந்தது.

நாம் எண்ணினால் கா, ர், த், தி, க் என்று ஐந்து எழுத்து. எட்டு இடத்தில் தாராளமாக அடங்க வேண்டும். பைத்தானைக் கேட்டால் பத்து என்கிறது. க, துணைக்கால், ர, புள்ளி, த, புள்ளி, த, கொக்கி, க, புள்ளி என்று, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் ஒவ்வொன்றும் தனித்தனி. நூலகம் பத்து என்று நம்பி, எட்டுக்கு மேல் போவதால் ஏழில் வெட்டி, மூன்று புள்ளிக் குறியை ஒட்டியிருக்கிறது. வெட்டு விழுந்தது 'தி'க்கு நடுவில். தமிழ்ச்செல்விக்கு அதிர்ஷ்டம், வெட்டு சரியாக 'ச்'சுக்குப் பிறகு விழுந்து 'தமிழ்ச்…' என்று கௌரவமாக நின்றது. இப்படிச் சில பெயர் தப்பித்துக்கொள்வதால்தான் இந்த மாதிரிப் பிழைகள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கின்றன.

அவர் முதலில் தன் நிரலில்தான் ஏதோ தப்பு என்று இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கணினி தப்பாகக் காட்டினால் தப்பு நம்மேல்தான் என்ற நினைப்பு நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. அப்புறம் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடியபின், "சார், இதை இஷ்யூவா போடலாமா?" என்று, அதாவது மெயின்டெய்னரிடம் பிழையாகப் பதியலாமா என்று கேட்டார். அந்தப் பாடத்தில் யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி அது. மற்றவர்கள் எல்லோரும் "சார், எந்த ரெப்போல ஈஸியா மெர்ஜ் ஆகும்?" என்றுதான் கேட்டிருந்தார்கள்.

எழுதுவதில்தான் பாடமே இருந்தது. முதல் வரைவு ஒரே வரி: தமிழ் வேலை செய்யவில்லை, சரிசெய்யவும். இரண்டாவது வரைவு நேரெதிர். உயிர், மெய், உயிர்மெய், 247 எழுத்து என்று இலக்கணப் பாடமே வந்துவிட்டது. படிக்கப்போகிறவருக்குத் தமிழ் எழுத்து வெறும் கோலம், அவருக்கு 'த'வும் 'தி'யும் ஒன்றுதான் என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மாணவியே ஒரு வழி கண்டுபிடித்தார். பிரெஞ்சுப் பெயர்களில் ஆங்கில 'இ'யின் தலைமேல் ஒரு சாய்கோடு வருமே, யூனிகோடில் அதையும் எழுத்து தனி, கோடு தனி என்று பிரித்து எழுத இடமுண்டு. அப்படி எழுதிய பெயரைக் கொடுத்துப் பார்த்தார். வெட்டில் கோடு மட்டும் விழுந்துபோனது. அதே பிழை. அதை முதல் வரியில் வைத்து, கார்த்திக்கை இரண்டாவது வரியில் வைத்து, கொடுத்தது, வந்தது, வரவேண்டியது என்று மூன்று நெடுவரிசை போட்டு அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. தமிழுக்கான சிறப்புச் சலுகையாகக் கேட்டிருந்தால் அது வரிசையில் கடைசியில் போயிருக்கும். இப்போது அது அந்த மனிதரின் பக்கத்து ஊர்க்காரர்களையும் பாதிக்கிற பிழை.

பிறகு நடந்தது முழுக்க பேச்சு. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும்) தொகுப்பில் பயனர் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை ஒன்றாகப் பிடிக்கும் வசதி இல்லை. வெளியே இருக்கும் வேறொரு தொகுப்பில் உண்டு. "அதைச் சேர்க்கலாமா?" என்று இவர் கேட்க, "இந்த நூலகம் வேறு எதையும் சாராமல் இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே எங்கள் முடிவு" என்று பழைய விவாதத்தின் சுட்டியைக் கொடுத்தார் மெயின்டெய்னர். மாணவி அதை முழுக்கப் படித்தார். ஒரு முடிவுக்குப் பின்னால் வருடங்களுக்கு முந்தைய சண்டை ஒன்று இருக்கும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இப்படிக் காட்டியதில்லை. பைத்தானிலேயே இருக்கும் யூனிகோட் பட்டியலை வைத்து, துணைக்குறி வகையில் வரும் எதையும் முந்தைய எழுத்தோடு ஒட்டிக் கணக்கிடும் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதினார். கார்த்திக் முழுசாக வந்தான்.

அப்போது வேறொருவர் வந்து கூட்டெழுத்துகளைப் பற்றிக் கேட்டார். நம்மிடம் அதற்கு உதாரணம் க்ஷ. சோதித்தால் க், ஷ என்று இரண்டாக எண்ணி நடுவில் வெட்டுகிறது. யூனிகோடின் பொதுவிதிப்படியும் தமிழில் அது இரண்டுதான். இதை வகுப்பில் வைத்தார் மாணவி. அந்த செமஸ்டரில் வகுப்பு உருப்படியாகச் சண்டை போட்டது அன்று ஒருநாள்தான். பாதிப் பேர் க்ஷ ஒரே எழுத்து, நடுவில் வெட்டினால் லக்ஷ்மியின் பெயர் என்ன ஆவது என்றார்கள். மீதிப் பேர் அது கிரந்தம், எப்படி வெட்டுப்பட்டால் என்ன என்றார்கள். இரண்டு கட்சியின் வாதத்தையும் இரண்டிரண்டு வரியில் எழுதி, முடிவு உங்களுடையது என்று அனுப்பினார். யூனிகோட் விதியையே பின்பற்றுவோம், ஆவணத்தில் ஒரு குறிப்பு சேர்த்துவிடுங்கள் என்று முடிந்தது. டெஸ்ட் வேண்டும், மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும் என்று கேட்டார்கள். செமஸ்டர் எப்போது முடிகிறது என்ற கேள்வியும் அப்போதுதான் வந்தது.

செமஸ்டர் முடிந்தது. புல் ரிக்வெஸ்ட் திறந்தபடியே இருந்தது. விதிப்படி ரீட்மீ திருத்தியவருக்கு முழு மார்க், இவருக்கு முயற்சி மார்க். துறைத்தலைவரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "மெர்ஜ் ஆகலையே சார், ஆதாரத்துக்கு எதை வைக்கிறது?" என்றார். முழு உரையாடலையும் அச்செடுத்துக் கத்தையாக மேசைமேல் வைத்தேன். படிக்கவில்லை. கையில் எடுத்துக் கனத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதற்குப் பிறகு விடுமுறை, பிறகு பிளேஸ்மென்ட் பயிற்சி. காலை முதல் மாலைவரை ஆப்டிட்யூட், குழு விவாதம். மெயின்டெய்னர் கடைசியாக ஒரு திருத்தம் கேட்டு எழுதியபோது மாணவியால் உட்கார முடியவில்லை. "நீங்களே முடிச்சிடுங்க சார்" என்றார். முடித்து அனுப்பினேன், இருவர் பெயரிலும் உள்ளே போனது. கொஞ்ச காலம் கழித்து அரபு எழுத்து தொடர்பாக வேறொரு இஷ்யூ வந்தபோது மெயின்டெய்னர் என் பெயரைக் குறிப்பிட்டு "நேரம் இருந்தால் பாருங்கள்" என்று எழுதினார். எனக்கு அரபு தெரியாது. ஆனாலும் அவர் யாரைத் தேடுகிறார் என்று புரிந்தது. செமஸ்டர் முடிந்தபிறகும் அங்கே இருக்கிற ஒருவரை.

தங்குகிறவர்கள்

ஓப்பன் சோர்ஸ் வழியாகக் கற்பித்தல் எங்கெல்லாம் வேரூன்றியிருக்கிறதோ அங்கெல்லாம் இப்படி ஓர் ஆள் இருந்திருக்கிறார். டொராண்டோவின் செனிகா கல்லூரி 2000களின் நடுவிலிருந்து மொசில்லாவோடு சேர்ந்து பாடம் நடத்தியது. மாணவர்கள் ஃபயர்பாக்ஸ் நிரலிலேயே வேலை செய்தார்கள். ஃபயர்பாக்ஸ் 3இல் அசையும் பிஎன்ஜி படங்கள் வந்ததில் அங்கே படித்த ஒருவரின் கை உண்டு. டேவிட் ஹம்ஃப்ரி போன்ற ஆசிரியர்கள் மொசில்லாவுக்குள்ளேயே அறியப்பட்ட ஆட்களாக இருந்தார்கள். மாணவர் தடுமாறினால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மொசில்லாக்காரர்களுக்கும் அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்.

இன்னும் நமக்குக் கிட்டத்தில் ஒரு கதை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் கணக்கில் வைக்க இலங்கையில் தன்னார்வலர்கள் அவசரமாக எழுதிய மென்பொருள் சஹானா. சில வருடங்களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள். ரால்ஃப் மொரெல்லி என்ற பேராசிரியரும் சகாக்களும் அங்கே தொடங்கிய மனிதநேயக் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு சஹானாதான் ஆரம்பப் பள்ளி. தன்னார்வலர்களை நிர்வகிக்கும் பகுதியை மாணவர்கள் எழுதினார்கள். கோடை முடிந்ததும் கைவிட்டுப் போகிற வேலையாக அது ஆகவில்லை, ஏனென்றால் திட்டத்தை நடத்தியவர்கள் வருடா வருடம் அங்கேயே இருந்தார்கள்.

இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தங்குகிற வேலையை மூத்த மாணவர்களே செய்தார்கள். மாணவர்களை ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் வேலை செய்யவைத்த கூகுள் சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்து வருட மொத்தக் கணக்கில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அதுதான். ஐஐடி எதுவும் இல்லை. அங்கே அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் திட்டங்களில் ஊறிய மென்பொருள்காரர்கள் கொழும்பில் பக்கத்திலேயே இருந்தார்கள், ஒரு வருடம் தேர்வானவர் அடுத்த வருடத்துத் தம்பி தங்கைகளுக்கு வழி காட்டினார். கூகுளின் அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்தச் சமூகம் மாணவர்களை எடுத்துக்கொள்ளும் என்பதை அந்தச் சமூகமே முன்கூட்டி விண்ணப்பித்துச் சொல்கிறது, வழிகாட்டியின் பெயரோடு. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வேண்டுமென்றே பிழையுள்ள பேட்ச்கள் (திருத்தங்கள்) அனுப்பிச் சோதித்திருந்தார்கள் என்று தெரிந்ததும், 2021இல் கெர்னல்காரர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனதற்கும் காரணம் இதுதான். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைக் கிளையும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தி, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இதைக் கொண்டுவந்தார்கள். சென்னை லினக்ஸ் குழு 1990களிலிருந்து கூடுகிறது, விழுப்புரத்தில் குனு லினக்ஸ் குழு ஒன்று ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. இந்தக் குழுக்களில் ஊறி வந்த மாணவரை முதல் வகுப்பிலேயே அடையாளம் கண்டுவிடலாம். அவர் பிழையைப் பார்த்தால் பயப்படமாட்டார், கேள்வி கேட்கத் தெரியும். ஆனால் கல்லூரியும் இந்தக் குழுக்களும் பெரும்பாலும் பேனரில் மட்டுமே சந்தித்துக்கொள்கின்றன. ஒருநாள் பட்டறை, பொன்னாடை, குழுப்படம்.

ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகுப்பு, லேப், விடைத்தாள், சேர்க்கைப் பருவத்தில் பள்ளி பள்ளியாகப் போய் ஆள் பிடிப்பது என்று அவர்களைக் கசக்கிப் பிழிகிறார்கள். ஓர் ஆய்வுக்கட்டுரைக்குப் புள்ளி உண்டு, ஒரு திட்டத்தில் வருடக்கணக்கில் இஷ்யூ பார்த்துக்கொண்டிருப்பதற்குப் புள்ளி கிடையாது. இதை மாற்றாமல் மாணவர்களை மட்டும் உள்ளே தள்ளினால், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பாதியில் நிற்கும் புல் ரிக்வெஸ்ட்களின் குப்பையை மெயின்டெய்னர்கள்தான் அள்ள வேண்டும்.

இந்த வருடம் விதி மாறியிருக்கிறது. நானோ எனக்குத் தெரிந்தவரோ ஏற்கெனவே இருக்கிற திட்டங்களுக்கு மட்டும்தான் மாணவர்கள் போகலாம். தொடங்குமுன் அங்கே ஒரு வரி எழுதி அனுமதி கேட்கிறேன், முடிகிற தேதியையும் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய இஷ்யூ ஒன்றை எடுத்துத் தன் கணினியில் அந்தப் பிழையை வரவழைத்துக் காட்டினால் மார்க். வராவிட்டால், வரவில்லை என்பதைச் சான்றோடு எழுதினாலும் மார்க். கேள்வி கேட்டுப் பதிலைப் புரிந்துகொண்டதற்கு வைவா. மெர்ஜ் ஆனால் சந்தோஷம், மார்க் இல்லை. மாணவர்களுக்குக் குறைதான். ரெஸ்யூமேயில் போட, பங்களிப்பைக் காட்டும் கிட்ஹப் பச்சைக் கட்டம் நிரம்பவில்லை என்கிறார்கள். இந்த முறையில் அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் பாடம் எடுக்கவும் முடியாது. துறைத்தலைவர் எல்லாத் துறைக்கும் திறந்துவிடலாம் என்றபோது மறுத்துவிட்டேன். வேண்டுமானால் துறை ஆசிரியர்கள் இரண்டு பேர் சனிக்கிழமை வந்து மாணவர்களோடு உட்காரட்டும் என்றேன்.

ஒருவர் வந்து நின்றுவிட்டார். இன்னொருவர், கணிதப் பின்னணி உள்ள உதவிப் பேராசிரியை, விடாமல் வருகிறார். வைவா கேள்விகளை இப்போது அவர்தான் தயாரிக்கிறார், என்னைவிடக் கறாராக. அவருக்கு கிட்ஹப் கணக்கு தொடங்கும்போது ஒரு சின்ன இழுபறி. கல்லூரியின் பெயரில் ஒரே கணக்காக இருந்தால் பங்களிப்பெல்லாம் நிறுவனக் கணக்கில் வருமே என்று நிர்வாகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அந்த மேடம் கேட்கவில்லை. தன் பெயரிலேயே தொடங்கினார். கல்லூரியின் பெயர் அவருடைய ப்ரொஃபைலில் ஒரு வரியாக இருக்கிறது. நாளைக்கு வேறு கல்லூரிக்குப் போனால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்றார்.